கல்லின் பெயரைப் பில்லில் எழுதுங்கள்

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை வீட்டுக்கு வந்தாள். காபிகூடக் குடிக்காமல் கைப்பையைத் திறந்து, மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே ஒரு வெள்ளி மோதிரம். அதில் சுண்டைக்காய் அளவில் ஒரு கல். வாங்கியபோது ஆனந்தா ப்ளூ புடவை நிறத்தில் இருந்ததாம். நான் பார்த்தபோது நடுவில் மட்டும் கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தது. ஓரமெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

“கல்லு செத்துப்போச்சுங்கறாங்கண்ணா” என்றாள்.

கதை இதுதான். அவள் மகன் இரண்டு முறை குரூப் 2 எழுதி, இரண்டு முறையும் கடைசிக் கட்டத்தில் தவறினான். குரு பலம் குறைவு என்று ஒரு ஜோசியர் சொன்னார். கனக புஷ்பராகம் போடவேண்டும், அது கட்டுப்படியாகாது என்றால் உபரத்தினமாக ஃபிரோசா போட்டாலும் போதும் என்றார். ஃபிரோசா என்பது டர்க்காய்ஸ். ஒரு ராசிக்கல் கடையில் 6,500 ரூபாய் கொடுத்து வாங்கினாள். நான்கே மாதத்தில் நிறம் போனது. கடைக்குத் திரும்பப் போனாள். கடைக்காரர் கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டாராம். பையனுக்கு வரவேண்டிய கண்டத்தைக் கல் தன்மேல் வாங்கிக்கொண்டதாம். இதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, காவிரியில் விட்டுவிட்டு வாருங்கள், புதுக் கல்லில் 500 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றாராம்.

விற்ற பொருளை வாங்கியவர் கையாலேயே ஆற்றில் போடவைக்கும் வியாபாரம் வேறு எதிலாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து இல்லை.

நான் 33 வருடம் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்தவன். ஓய்வு பெற்றபின் மிஞ்சியது மூன்று அலமாரிக் கற்களும் ஒரு பத்து மடங்கு கைலென்ஸும்தான். லென்ஸை எடுத்துப் பார்த்தேன். கல்லின் மெல்லிய விரிசல்களில் நீலம் மற்ற இடத்தைவிட அடர்த்தியாகத் தேங்கியிருந்தது. நல்ல கல்லில் நிறம் இப்படி விரிசலில் போய் உட்காராது. தங்கையின் பையிலேயே நகப்பூச்சு அழிக்கும் திரவம் இருந்தது. பஞ்சில் நனைத்து லேசாகத் தேய்த்தேன், பஞ்சு நீலமானது. அவள் முகம் மாறியது. பிறகு அவள் சம்மதத்தோடு கல்லை மோதிரத்திலிருந்து கழற்றி, காற்றிலும் நீரிலும் எடை போட்டேன். ஒப்படர்த்தி ஏறக்குறைய 3 வந்தது. டர்க்காய்ஸ் 2.6-க்கும் 2.9-க்கும் இடையில் நிற்கும். கடைசியாக அடிப்பக்கத்தில் வெதுவெதுப்பான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டேன். மெல்ல நுரைத்தது.

மேக்னசைட். சேலத்துக்காரனுக்கு இதைவிட வேடிக்கை வேண்டுமா? எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டுகிற வெள்ளைக்கல் அதே கனிமம்தான். உருக்காலை உலைகளுக்குத் தீச்செங்கல் செய்ய லாரி லாரியாகப் போகும். காலிஃபிளவர் பூ மாதிரி முண்டுமுண்டாக இருக்கும் அந்தக் கல்லைக் காட்டாத வருடம் என் வகுப்பில் கிடையாது. தங்கையின் மாமனார் அங்கே கல் உடைக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மருமகள் வாங்கிய மோதிரத்தில் இருந்தது எந்த நாட்டு மேக்னசைட்டோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் மாமனார் டன் கணக்கில் உடைத்த கனிமத்தையே, யாரோ சாயம் ஏற்றிக் கொடுக்க, மருமகள் காரட் கணக்கில் வாங்கியிருக்கிறாள்.

இதில் எனக்குக் கோபம் சாயத்தின்மேல் இல்லை. அந்தக் கண்டக் கதையின்மேல்தான். சாயம் போவதுதான் போலிக்கு முதல் சாட்சி. அந்தச் சாட்சியையே கல்லின் மகிமைக்குச் சாட்சியாக மாற்றிவிடுகிறார்கள். ஏமாந்தவர் நன்றி சொல்லி, இன்னொன்று வாங்கிக்கொண்டு போகிறார்.

அந்தக் கதை முழுப் பொய்யாக இருந்திருந்தால் இத்தனை நாள் ஓடியிருக்காது. அசல் டர்க்காய்ஸ் நிறம் மாறும். மாணிக்கம் மாறாது, வைரம் மாறாது, இது மாறும். காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது.

பெரும்பாலான விலையுயர்ந்த கற்கள் பூமிக்குள் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உண்டாகின்றன. டர்க்காய்ஸ் அப்படியில்லை. அது மேல்மண்ணின் குழந்தை. வறண்ட நாட்டில் எப்போதாவது பெய்கிற மழை பாறை இடுக்கில் இறங்குகிறது. வழியில் செம்புக் கனிமங்களைத் தொட்டு, கொஞ்சம் அமிலமாகி, செம்பைக் கரைத்துக்கொள்கிறது. ஃபெல்ஸ்பாரிலிருந்து அலுமினியம், அபடைட்டிலிருந்து பாஸ்பரஸ். இவை எல்லாம் ஒரு விரிசலில் சந்தித்து, நீர் வற்ற வற்றப் படிந்தால் டர்க்காய்ஸ். பெரும்பாலும் நிலமட்டத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள்ளேயே கிடைத்துவிடும். செம்பு இருந்தால் போதாது, வறட்சி வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும், சரியான விரிசலும் வேண்டும். அதனால்தான் ஈரான், சினாய், அமெரிக்காவின் தென்மேற்குப் பாலை, சீனாவின் ஹுபெய் என்று உலகில் சில இடங்களே இதற்குப் பேர்போனவை.

அதன் அமைப்பைப் பாருங்கள். ஒரு செம்பு அணுவுக்கு ஆறு அலுமினியம், நான்கு பாஸ்பேட், எட்டு ஹைட்ராக்சில், போதாக்குறைக்கு நான்கு நீர் மூலக்கூறு. கணக்குப் போட்டால் கல்லின் எடையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் நீர்தான். நீலம் செம்பு தருவது. அலுமினியத்தின் இடத்தில் இரும்பு கொஞ்சம் புகுந்தால் பச்சையாகத் திரும்பும். கடினம் 5-இலிருந்து 6 வரைதான், ஜன்னல் கண்ணாடி அளவு. அதோடு நுண்துளைகள். வியர்வை, தலைக்கு வைக்கும் எண்ணெய், சோப்பு, சென்ட், குழம்பு எல்லாவற்றையும் உறிஞ்சும். வருடக்கணக்கில் நீலம் மெல்லப் பச்சையை நோக்கி நகரும். கடும் சூட்டில் நீரை இழந்து மங்கும். அணிந்தவரோடு சேர்ந்து இந்தக் கல்லும் வயதாகிறது. உயிருள்ள கல் என்று மனிதர்கள் நினைத்ததில் எனக்கு வியப்பே இல்லை. நாலே மாதத்தில் ஓரம் வெளுத்து நடு மட்டும் நீலமாக நிற்பது வேறு விஷயம், அது வயது இல்லை, சாயம்.

கல்லின் இந்தக் குணத்தைச் சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கல்வெட்டில் புலம்பியிருக்கிறார். சினாய்த் தீபகற்பத்தின் செராபித் எல் காதிமில் எகிப்தியர்கள் டர்க்காய்ஸ் வெட்டினார்கள். மூன்றாம் அமெனம்ஹத் அரசனின் ஆறாம் ஆட்சியாண்டில் ஹர்வெரே என்ற அதிகாரி ஆட்களோடு அங்கே அனுப்பப்பட்டார். போய்ச் சேர்ந்தது கொதிக்கும் கோடையில். மலை சுட்டது, தோல் எரிந்தது. கூட வந்த அனுபவசாலிகளைக் கேட்டிருக்கிறார். கல் என்றைக்கும் மலையில் இருக்கிறது, ஆனால் இந்தப் பருவத்தில் நிறம்தான் கிடைக்காது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஹர்வெரே மனம் தளராமல் வெட்டினார், நல்ல கல் எடுத்தார், ஆள் சேதமில்லாமல் திரும்பினார். பின்னால் வருபவர்கள் பருவம் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம் என்று கல்லில் எழுதியும் வைத்தார். தப்பான மாதத்தில் களப்பணிக்கு அனுப்பப்பட்ட நிலவியலாளன் எவனுக்கும் அந்தக் கல்வெட்டைப் படித்தால் கண் கலங்கும். நான் மே மாதத்தில் கரட்டில் மாணவர்களோடு நின்றவன்.

அந்தச் சுரங்கங்களின் தெய்வம் ஹாதோர். டர்க்காய்ஸின் நாயகி என்பது அவளுக்குப் பட்டம். மலைமேல் அவளுக்குக் கோயில் இருந்தது. சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் முதலில் அவளைக் கும்பிட்டுவிட்டு இறங்கினான். 1905-இல் பிளிண்டர்ஸ் பெட்ரி அங்கே அகழ்ந்தபோது எகிப்தியச் சித்திர எழுத்து போலவே இருந்து, ஆனால் எகிப்திய மொழியாக வாசிக்க முடியாத கீறல்கள் கிடைத்தன. சிறிய மணற்கல் ஸ்பிங்க்ஸ் ஒன்றிலும் அவை இருந்தன. 1916-இல் ஆலன் கார்டினர் அவற்றில் ஒரு சொல்லைப் பிரித்தார்: பாலத், நாயகி என்று பொருள். எகிப்தியருடன் வேலைக்கு வந்திருந்த செமித்திய மொழிக்காரர்கள், ஹாதோரைத் தங்கள் மொழியில் தங்கள் அம்மன் பெயரால் அழைத்து எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான சித்திரங்களைக் கற்க வழியில்லாத அவர்கள், மாட்டுத்தலை ஓர் ஒலிக்கு, வீடு ஓர் ஒலிக்கு என்று சுருக்கிக்கொண்ட எழுத்து அது. இன்று நமக்குத் தெரிந்த மிகப் பழைய அகரவரிசை எழுத்துகளில் ஒன்று அந்த டர்க்காய்ஸ் மலையில் ஓர் அம்மனுக்காகக் கீறப்பட்டது. பினீசியம், கிரேக்கம், லத்தீன், அரபு என்று அதன் வம்சம் விரிந்தது. பிராமிக்கும் அந்த வம்சத்துக்கும் உறவு உண்டா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. போனால் இந்தக் கட்டுரை திரும்பி வராது.

அதே எகிப்தியர்கள்தான் டர்க்காய்ஸுக்குப் போலியும் செய்தார்கள். குவார்ட்ஸ் பொடியை உருட்டி, செம்பு கலந்த பூச்சோடு சுட்டால் பளபளவென்று அதே நீலம் வரும். இன்று ஃபையான்ஸ் என்கிறோம். மணி, தாயத்து, கிண்ணம், நீர்யானை பொம்மை என்று செய்து குவித்தார்கள். எனக்குப் பிடித்த விஷயம், அதற்கு அவர்கள் தனிப் பெயர் வைத்திருந்தார்கள். டர்க்காய்ஸுக்கு மெஃப்கத், சுட்ட மணிக்கு ட்ஜெஹ்னெத். மின்னுவது என்று அதற்குப் பொருள். ஏழை தன் பிணத்தோடு ட்ஜெஹ்னெத் வைத்தான், அரசன் மெஃப்கத் வைத்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லி ஒரே விலை வாங்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

டர்க்காய்ஸ் என்ற பெயரே ஒரு தப்பான பில்தான். துருக்கிக் கல் என்று பிரெஞ்சில் பொருள். துருக்கியில் விளைந்ததால் அல்ல, ஈரானின் கொராசானில் நிஷாப்பூர் மலையில் வெட்டியது துருக்கி வியாபாரிகள் கைவழியாக ஐரோப்பா போனதால். வெட்டின ஊர்க்காரர்கள் வைத்த பெயர் பிரூசே, வெற்றி என்ற பொருளோடு ஒட்டியது. அதுதான் அரபியில் ஃபைரூஸ், இந்தியில் ஃபிரோசா. 17-ஆம் நூற்றாண்டில் பாரசீகம் போன பிரெஞ்சு நகை வியாபாரி தவெர்னியே, அங்கே பழைய பாறைக் கல், புதிய பாறைக் கல் என்று இரண்டு தரம் இருந்ததையும், பழைய பாறை ஷாவுக்கென்றே ஒதுக்கப்பட்டதையும் எழுதியிருக்கிறார். பழைய பாறை நிறம் நிற்கும், புதியது மங்கும். அதாவது நிறம் நிற்காத கல்லை அந்தக் காலத்திலேயே தனியாகப் பிரித்து, தனிப் பெயரில், குறைந்த விலைக்கு விற்றிருக்கிறார்கள். கண்டத்தை வாங்கிக்கொண்டது என்று கதை கட்டவில்லை.

கதை கட்டியவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். பிராகாவில் பேரரசர் ருடால்ஃபின் மருத்துவரான போத் 1609-இல் ரத்தினங்கள் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். சொந்த அனுபவம் என்று அதில் ஒரு கதை. ஒரு ஸ்பானியர் அணிந்திருந்த டர்க்காய்ஸ் அவர் இறந்ததும் நிறமிழந்தது. போத்தின் அப்பா அதை ஏலத்தில் எடுத்து மகனுக்குக் கொடுத்தார். மகன் விரலில் கொஞ்ச நாளில் நிறம் திரும்பியது. பிறகு ஒருநாள் குதிரையிலிருந்து விழுந்தார், அவருக்கு ஒன்றுமில்லை, கல் மட்டும் விரிந்தது. பெட்டியில் காய்ந்து கிடந்த நுண்துளைக் கல் உடம்பின் எண்ணெயும் ஈரமும் ஏறி நிறம் ஆழ்ந்திருக்கலாம். விழுந்த கையில் மோதிரம் இருந்தால் கல் விரிவதும் இயல்பு. ஆனாலும் எனக்குப் போத் மேல் கோபம் வரவில்லை. அவர் அந்தக் கதையைச் சொல்லி இன்னொரு மோதிரம் விற்கவில்லை.

இந்தக் கல்லைச் சுற்றிய பக்தியை நான் கேலி செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அதை நேரில் பார்த்தவன் நான். 1994-இல் ஒரு களப்பயிற்சிக்காக லடாக் போனேன். லேயில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மா ஒரு திருமணத்துக்குக் கிளம்பும்போது பெராக் அணிந்திருந்தார். நெற்றியிலிருந்து முதுகுவரை நாகப்படம் போல இறங்கும் தலையணி, சிவப்புத் துணியில் வரிசை வரிசையாக டர்க்காய்ஸ். நான் மரமண்டைத்தனமாக, “என்ன விலை இருக்கும்மா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். இது என்னுடையது இல்லையே, எப்படி விலை சொல்ல முடியும் என்றார். அம்மாவிடமிருந்து மூத்த மகளுக்குப் போவது. இப்போதைக்கு அவர் தலையில் இருக்கிறது, அவ்வளவுதான். சில கற்கள் நன்றாகப் பச்சையாகியிருந்தன. இவை பாட்டி காலத்தவை என்று விரலால் தொட்டுக் காட்டினார். நிறம் மாறியது அவருக்கு அபசகுனம் அல்ல. எத்தனை பெண்களின் தலை ஏறி வந்தது என்பதற்குக் கணக்கு.

திபெத்தியரிடம் உயிர்க்கல் என்ற கருத்து உண்டு. ஒருவருடைய உயிர்ச்சக்தி அவர் அணியும் டர்க்காய்ஸில் தங்கும் என்பது. அமெரிக்காவின் நவஹோ மக்களுக்கு அவர்கள் நிலத்தைச் சூழும் நான்கு புனித மலைகளில் தெற்கு மலை டர்க்காய்ஸ் மலை. அவர்கள் மொழியில் நீலத்துக்கும் பச்சைக்கும் ஒரே சொல். மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் டர்க்காய்ஸுக்கு வைத்திருந்த ஷிஹுவிட்ல் என்ற சொல்லே புல்லுக்கும் ஆண்டுக்கும்கூட. புல் முளைத்து வாடி முளைத்தால் ஓர் ஆண்டு, அந்த நிறத்தில் ஒரு கல். இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிற பகுத்தறிவு எனக்கு இல்லை. அந்தச் சமூகங்கள் கல்லை அறிந்து, வெட்டி, துளைத்து, தலைமுறையாகக் காத்து அந்த அர்த்தத்தைச் சம்பாதித்தவை.

நாம் என்ன செய்கிறோம்? நம் நவரத்தினத்தில் இந்தக் கல் இல்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் இளங்கோ மதுரை ரத்தினக் கடைத்தெருவைக் காட்டும்போது ஒவ்வொரு மணியின் குற்றத்தையும் பிரித்துச் சொல்கிறார், அங்கேயும் இல்லை. அதனால் நம் பழைய கல் சாத்திரக்காரர்களிடம் இதற்கு அளவுகோல் கிடையாது, இன்றைய கடைக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தங்கை விவகாரத்துக்குப் பிறகு சும்மா நான்கு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் இது குருவுக்கு என்றார். இன்னொருவர் சுக்கிரனுக்கு. மூன்றாமவர் எல்லா ராசிக்கும் ஒத்துப்போகும் என்று முடித்துவிட்டார். நான்காவது கடையில், டிசம்பரில் பிறந்தவர்களுக்கு இது ஆதிகாலத்திலிருந்தே ஆகிவந்த கல் என்றார்கள். மாதத்துக்கொரு கல் என்று இன்று கடைகளில் தொங்குகிற பட்டியல் 1912-இல் அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் கூடி ஒழுங்குபடுத்தியது. எங்கள் வீட்டுக் கிணறு அதைவிடப் பழையது.

நானும் ஏமாந்தவன்தான், சொல்லிவிடுகிறேன். லே கடைத்தெருவில் 300 ரூபாய்க்கு ஒரு நீலக் கல் வாங்கினேன். கருப்புச் சிலந்தி வலை போன்ற கோடுகளுடன் அழகாக இருந்தது. வகுப்பில் அசல் டர்க்காய்ஸ் என்று பன்னிரண்டு வருடம் மாணவர்களுக்குக் காட்டினேன். பல்கலைக்கழக நண்பர் ஒருவர் அகச்சிவப்பு நிறமாலைக் கருவி வாங்கியபோது விளையாட்டாக அதை வைத்துப் பார்த்தோம். டர்க்காய்ஸ்தான், ஆனால் உள்ளே முழுக்கப் பிசின். பொடிந்துபோகிற மட்டக் கல்லுக்குப் பிசின் ஏற்றி இறுக்கியிருக்கிறார்கள். நண்பர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு வருட மாணவர்களிடம் இதன்வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பிசின் ஏற்றுவது குற்றமா? இல்லை. இன்று சந்தைக்கு வரும் டர்க்காய்ஸில் பெரும்பகுதி ஏதாவது ஒரு வகையில் பதப்படுத்தியதுதான். மெழுகு ஏற்றியது, பிசின் ஏற்றியது, நிறம் ஏற்றியது, தூளைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்தியது. 1980-களின் இறுதியில் ஜேம்ஸ் ஜக்கரி என்ற அமெரிக்க மின்பொறியாளர் பிசினே இல்லாமல் கல்லின் துளைகளைக் குறைக்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார், அதைச் சாதாரணச் சோதனையில் பிடிப்பது கஷ்டம். 1972-இல் பிரான்சின் பியர் ஜில்சன் ஆய்வகத்திலேயே டர்க்காய்ஸ் மாதிரி ஒன்றைச் செய்து விற்றார். தூய நீலத்துக்குப் பேர்போன அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் 2012-இல் டர்க்காய்ஸ் வெட்டுவதை நிறுத்திவிட்டது. நல்ல இயற்கைக் கல் குறையக் குறைய மற்றவை பெருகும். பெருகட்டும். 500 ரூபாய்க்கு அழகான அச்சுக்கல் கம்மல் போட ஆசைப்படுகிற பெண்ணுக்கு அது கிடைக்க வேண்டும். வெள்ளைக்கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றி, சாயமேற்றிய மேக்னசைட் என்று சொல்லி விற்றால் நானே ஒன்று வாங்கிக்கொள்வேன், ஊர்ப்பாசம்.

நெப்போலியன் 1810-இல் மரி லூயிக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்த மணிமுடி ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் அதில் இருந்தவை மரகதங்கள். 1950-களில் அதை வாங்கிய நகை நிறுவனம் மரகதங்களைக் கழற்றித் தனித்தனியாக விற்றுவிட்டது. அந்த இடத்தில் 79 பாரசீக டர்க்காய்ஸ்களைப் பதித்தது. அருங்காட்சியகம் இதை மறைக்கவில்லை. இது மாற்றிய கல் என்று எழுதியே காட்டுகிறார்கள், பார்க்க வருகிற கூட்டமும் அதனால் குறைந்துவிடவில்லை.

அமெரிக்காவில் 1990-இல் ஒரு சட்டம் வந்தது. நவஹோ, சூனி போன்ற பழங்குடியினர் செய்யாத நகையை அவர்கள் செய்தது என்று சொல்லி விற்றால், முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர்வரை அபராதம், ஐந்து ஆண்டுவரை சிறை. டர்க்காய்ஸ் பதித்த வெள்ளி நகைகளில் நடந்த புரட்டு இந்தச் சட்டத்துக்கு ஒரு பெரிய காரணம். அதனால் புரட்டு ஒழிந்ததா என்றால் இல்லை. ஆனால் ஏமாந்தவர் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருக்கிறது.

நம்மிடம் தங்கத்துக்கு அந்தக் கயிறு இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் இல்லாமல் விற்கக் கூடாது. கைப்பேசியில் அதைப் போட்டுப் பார்த்தால் தரம் தெரியும். அந்த முத்திரை தங்கத்தின் தூய்மைக்கு மட்டும்தான், தங்கத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசாது. தங்கையின் பில்லை வாங்கிப் பார்த்தேன். “ராசிக்கல் மோதிரம் - 1” என்று இருந்தது. ராசிக்கல் என்று ஒரு கனிமம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இலிருந்தே இருக்கிறது. ஆனால் என்ன கல் விற்றோம் என்று பில்லே சொல்லாதபோது, எதை வைத்து வழக்குப் போடுவது?

அரசிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஜோசியத்தைத் தடைசெய்யச் சொல்லவில்லை, அது அவரவர் மனசு. கல் விற்கும் ஒவ்வொரு கடையும் பில்லில் மூன்று சொல் எழுத வேண்டும் என்று விதி செய்யுங்கள். கனிமத்தின் பெயர் என்ன, இயற்கையா செயற்கையா, பதப்படுத்தியதா இல்லையா. எழுதியதற்கு மாறாக இருந்தால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். நேர்மையாக வியாபாரம் செய்யும் நகைக்கடைக்காரர்கள் இதை எதிர்க்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். சாயக் கல்லோடு போட்டி போட்டு அவர்களும்தான் நஷ்டப்படுகிறார்கள்.

“சாமி காரியம், எப்படிக் கேட்கிறது?” என்று தங்கை தயங்கினாள். கோயில் உண்டியலில் போடுகிற நோட்டைக்கூட நாம் தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அந்தக் கல்லில் நம்பிக்கை இருக்கிறது என்றால், அது அந்தக் கல்தானா என்று கேட்கிற உரிமையும் உங்களுக்குத்தான் முதலில் இருக்கிறது.

இணையத்தில் சொல்வதுபோல ஊசியைக் காய்ச்சிக் கல்லில் குத்திப் பார்க்காதீர்கள், நல்ல கல்லும் கெட்டுப்போகும். அமிலச் சோதனையும் வீட்டில் வேண்டாம், நான் செய்தது கழற்றிய கல்லில், அதுவும் அது போலி என்று தெரிந்தபிறகு. வாங்கும்போதே பில்லில் மூன்று சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். வாங்கிய கல் வெளுத்தால் ஆற்றில் மட்டும் விடாதீர்கள். அதையும் பில்லையும் சேர்த்து ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.